குடிலுக்கு முளைத்த புல்

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்கின் இளைஞர் குழுவில் இருக்கிறேன். “மண்ணுலகை மனிதரின் ஆற்றலுக்கு உட்படுத்தச் சொன்ன உங்கள் பைபிள்தான் பூமியைக் கெடுத்தது” என்கிறார்கள் நண்பர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடலை வைத்து எப்படிப் பதில் சொல்வது? கிறிஸ்துமஸ் குடிலுக்கு 12 அடி தெர்மோகோல் மலை கட்டி, பல பங்குகள் சேர்ந்த எங்கள் மறைவட்டத்தில் முதல் பரிசு வாங்கினோம். படம் இணைத்திருக்கிறேன்.

தம்பி,

படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தைப் படித்தேன். அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் நண்பர்கள் சொல்வது பைபிளின் முதல் நூலான தொடக்கநூல் 1:28. அதைச் சொல்பவர்களுக்கு அதே நூலின் 2:15-ஐக் காட்டு. தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் பாதுகாக்கவும்’ என்றிருக்கிறது. 2015-இல் வந்த மடலின் 67-ஆம் பத்தியும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறது. இந்தக் குற்றச்சாட்டை 1967-இல் எழுதிய வரலாற்றாசிரியர் லின் ஒயிட், அதே கட்டுரையின் முடிவில் அசிசி நகரத்துப் புனிதர் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அப்படியே அறிவித்தார். வாதாட இது போதும்.

அந்த அசிசியாரைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்வை மங்கி நோயில் கிடந்தபோது சூரியனை அண்ணனாகவும் தண்ணீரைத் தங்கையாகவும் பாடியவர். மடலின் தலைப்பே அந்தப் பாட்டிலிருந்து வந்தது. 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில் குடில் வைத்தவரும் அவரே. வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான்.

எங்கள் ஆச்சி டிசம்பர் 10 வாக்கில் கேழ்வரகு ஊறப்போடுவாள். தகர டப்பா மூடிகளில் மண் பரப்பித் தூவி, ஈரச்சாக்கு போட்டு மூடுவாள். சாக்கைத் தூக்கினால் வெளிறிய முளைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கிறிஸ்துமஸ் இரவில் குழந்தை இயேசுவைச் சுற்றிப் பச்சைப் புல். மூவரசர் திருநாள் முடிந்ததும் புல் பசுவுக்கு, மண் கத்தரிச் செடிக்கு. குப்பையென்று ஒரு பிடி மிஞ்சாது.

உங்கள் மலை எங்கே போயிற்று? கோவிலுக்குப் பின்னால் எரித்தீர்களா? ஒரு பங்கில் அந்தப் புகைக்குள் நான் நின்றிருக்கிறேன். சாம்பலாகக்கூட ஆகாமல் கறுப்பாக உருகி மண்ணில் ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஓடினாள். பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது மடலின் 49-ஆம் பத்தி. அன்று இரண்டும் அந்த ஒரே சந்தில் கேட்டன. நீ அதை விட்டுவிட்டு வசனத்துக்கு வசனம் தேடுகிறாய்!

12 அடி மலையை நிறுத்திய கைகள் நல்ல கைகள், தம்பி. இந்த வருடம் ஒரு படி கேழ்வரகு வாங்கு. தண்ணீர் தெளிக்கிற வேலையை மறைக்கல்விப் பிள்ளைகளிடம் கொடு, போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். முளை வந்ததும் படம் அனுப்பு.