முதல் சந்திப்பில் என்ன பேசுவது?

வீட்டில் பார்த்த பெண்ணை முதன்முறையாகக் காபிக் கடையில் தனியே சந்திக்கப்போகும் நீங்கள், என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போவதைவிட, அவர் சொல்லும் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பது நல்லது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்விலும், இத்தகைய தொடர்கேள்விகளை மிகுதியாகக் கேட்டவர்களை மீண்டும் சந்திக்க மற்றவர்கள் கூடுதலாக விரும்பியது தெரியவந்தது. அவர் கல்லூரி விடுதியில் இருந்ததாகச் சொன்னால், உடனே உங்கள் விடுதிக் கதையை அவிழ்த்துவிடாமல், விடுதிச் சாப்பாட்டில் எந்த நாளுக்காகக் காத்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் தொடங்கி அறைத்தோழி வரை பேச்சு தானே நீளும். சம்பளத்தையும் ஜாதகத்தையும் பெரியவர்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பார்கள் (விடவா போகிறார்கள்!). ஆனால் திருமணத்துக்குப் பின் வேலை, வசிக்கும் ஊர் ஆகியவற்றை, காபி பாதி தீர்ந்த பிறகு நேரடியாகவே பேசிவிடலாம். கேள்விகளாகவே அடுக்கினால் நேர்முகத் தேர்வு போலாகிவிடும் என்பதால், இடையிடையே உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.