தந்தையர் சொன்ன நாகரிகம்: கேள்வி பதில்

முந்தைய நூற்றாண்டுகளில் தந்தையர் தம் பிள்ளைகளுக்கு எழுதிய நன்னடத்தை அறிவுரைகளைப் பற்றி, குன்னூர் வாசகர் கூட்டத்தில் அன்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

குன்னூர் ஆசிரியை: ஐயா, இவ்வகை எழுத்தில் எதை முதலில் படிக்கலாம்?

ஆங்கிலேய அரசியல்வாதி செஸ்டர்ஃபீல்டு பிரபு தம் மகன் பிலிப் ஸ்டான்ஹோப்புக்கு எழுதிய கடிதங்களைப் படியுங்கள். மகனுக்கு ஐந்து வயதான 1737இல் தொடங்கி, 1768இல் அந்த மகன் இறக்கும்வரை நானூறுக்கும் மேற்பட்ட கடிதங்களை எழுதினார். பல்லையும் நகத்தையும் தூய்மையாக வைத்திரு, உன் பேச்சைக் கேட்கவைப்பதற்காக எவருடைய சட்டைப் பொத்தானையும் பிடித்து நிறுத்தாதே என்பது போன்ற நுணுக்கங்கள் அவற்றில் ஏராளம். மணவுறவுக்கு வெளியே பிறந்த அந்தப் பிள்ளைக்குத் தந்தையின் பட்டம் வராது. ஆகவே நடத்தையையே அவனுக்குரிய மூலதனமாக்க அவர் முயன்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உதகை விடுதி வரவேற்பாளர்: வாய்விட்டுச் சிரிப்பது அநாகரிகம் என்றாராமே?

ஆம், 1748இல் எழுதினார். புன்னகைக்குத் தடையில்லை, ஓசைதான் அவருக்கு ஆகாது. இதை நான் ஏற்பதில்லை. வாய்விட்டுச் சிரிக்காமல் நீலகிரியில் ஜூலை மழையைக் கழிப்பது எப்படி?

கோத்தகிரி தேயிலை விவசாயி: எனக்கு இரண்டு பெண்கள். மகள்களுக்கு யாரும் எழுதவில்லையா?

எடின்பரோ மருத்துவர் ஜான் கிரகரி எழுதினார். தாயை இழந்த தம் மகள்களுக்காக அவர் எழுதிவைத்த அறிவுரை, அவர் மறைந்த மறு ஆண்டான 1774இல் வெளிவந்தது. செஸ்டர்ஃபீல்டு கடிதங்களும் அதே ஆண்டில்தான் அச்சேறின. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். கல்வியைச் சட்டைப்பைக் கடிகாரம்போல் உள்ளே வைத்திரு, மணி கேட்டால் மட்டும் சொல் என்று மகனுக்குக் கூறப்பட்டது. மகள்களுக்கோ, கல்வி ஏதேனும் இருந்தால் அதை, குறிப்பாக ஆண்களிடமிருந்து, பரம இரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கூறப்பட்டது. மகன் கேட்டபோதாவது வெளியே எடுக்கலாம். மகள் எடுக்கவே கூடாது. பாசத்தோடு சொல்லப்பட்டது என்பதற்காக இதை நான் மன்னிக்கமாட்டேன். பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்டும் 1792இல் இதைக் கடுமையாகவே சாடினார். உங்கள் பெண்களுக்கு உல்ஸ்டன்கிராஃப்டை வாங்கிக் கொடுங்கள்.

கொடைக்கானல் மாணவர்: தமிழில் இத்தகைய நூல் உண்டா?

ஆசாரக்கோவை உண்டு. அது தந்தை மகனுக்குச் சொன்னதன்று, பொதுவிதி. விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோருக்கு உணவளிக்காமல் தாம் உண்ணக்கூடாது என்கிறது.

அரவங்காட்டிலிருந்து ஒரு தந்தை: இத்தனை கடிதங்களுக்குப் பின் அந்த மகன் எப்படி ஆனார்?

நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் அரசுத் தூதராகவும் இருந்தார். ஆனால் தந்தை விரும்பிய மெருகு கடைசிவரை படியவில்லை. யூஜீனியா என்ற பெண்ணை இரகசியமாக மணந்து, இரண்டு பிள்ளைகளும் பெற்றிருந்தார். மகன் இறந்த பிறகே தந்தைக்கு இது தெரியவந்தது. தம் விதிகளை அப்போது அவரே கடைப்பிடித்தார்: மருமகளிடம் மரியாதையாக நடந்து, பேரன்களின் கல்விக்கும் ஏற்பாடு செய்தார். அவர் 1773இல் மறைந்தபின், கடிதங்களை 1,500 கினிக்கு (கினி என்பது பழைய ஆங்கிலேயப் பொற்காசு) பதிப்பாளரிடம் விற்றவர் அந்த மருமகள்தான்.