மஞ்சள் ஐரிஸ் என்று வாங்கியது வசம்பா?

கேள்வி: எங்கள் வீடு நாகர்கோவிலை அடுத்த தேரூர் பக்கம். முற்றத்துத் தொட்டியில் வைப்பதற்காக, இணையத்தில் ‘மஞ்சள் நீர் ஐரிஸ், எந்த ஊரிலும் ஆண்டு முழுவதும் பூக்கும்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆறு கிழங்குகளை 780 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு மாதமாகியும் வாள் போன்ற இலைதான் இடுப்பளவு நிற்கிறது. ஒரு பூவைக்கூடக் காணவில்லை. மாமியார் இது வசம்புதான் என்கிறார். ஒரு கிழங்கைக் காயவைத்துப் பேரனுக்கு உரைத்துக் கொடுக்க வேண்டுமாம். விற்றவரோ இன்னும் காத்திருக்கச் சொல்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? மிஞ்சிய செடிகளைக் குளத்தில் நட்டுவிடலாமா?

பதில்: முதலில் மாமியாரைத் தடுத்து நிறுத்துங்கள். பணத்தைப் பிறகு பார்க்கலாம்.

அவர் ஏமாந்ததில் வியப்பில்லை. இந்த ஐரிஸின் தாவரவியல் பெயரே ‘ஐரிஸ் சூடகோரஸ்’. அகோரஸ் என்பது வசம்பு. சூடகோரஸ் என்றால் பொய் வசம்பு. இலையைப் பார்த்து ஐரோப்பியர்களே குழம்பியதால் வந்த பெயர். ஆனால் பொய் வசம்பின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு இன்னும் மோசம். உள்ளே போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சாறு பட்டால் தோல் எரியும். குழந்தை நாக்கில் தடவும் பொருளா அது?

சோதனை எளிது. கையுறை போட்டுக்கொண்டு ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வசம்பாக இருந்தால் நாட்டு மருந்துக் கடை வாசனை தூக்கும். இலையின் ஓரம் ஒரு பக்கமாகச் சுருங்கி நெளிந்திருக்கும். ஐரிஸ் இலையில் அந்த மணம் இராது. வசம்பென்றே தெரிந்தாலும், குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பதை இன்றைய குழந்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை என்பதையும் மாமியார் காதில் போட்டுவையுங்கள்.

இனி பணம். மணம் வந்தால், விற்றவர் வேறு செடியை அனுப்பிவிட்டார் என்பது உறுதி. மணம் இல்லாமல் அது ஐரிஸாகவே இருந்தாலும் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் சதுப்பு நிலங்களில் வளரும் செடி அது. குளிர்காலம் கழிந்து, வசந்தத்தின் இறுதியிலும் கோடையிலும் பூக்கும். அங்கேயே ஆண்டு முழுவதும் பூக்காதது, மார்கழியிலும் மின்விசிறி சுழலும் நாகர்கோவிலில் பூக்குமா? ‘எந்த ஊரிலும்’ என்ற அந்த விளம்பர வரிதான் உங்கள் பிடி. அதை அழிப்பதற்குள் படம் பிடித்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுங்கள், தொலைபேசிப் பேச்சு வேண்டாம். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 780 ரூபாய்க்கு ஆணையம் வரை போவது அதிகம்தான் என்றாலும், புகார்க் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டாலே பல விற்பனையாளர்களுக்கு ஞாபகசக்தி திரும்பிவிடும்.

குளத்தில் நடுவது மட்டும் கூடவே கூடாது. வட அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் நீர்நிலைகளை அடைத்துக்கொண்ட களை இது. விதை நீரில் மிதந்து போகும். கிழங்கின் ஒரு துண்டு ஒடிந்தாலே புதுச் செடி. இங்கே பூக்காவிட்டாலும் கிழங்கு பரவலாமே. உங்கள் பக்கத்துச் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆகாயத்தாமரையை அள்ளி அள்ளி ஓய்ந்த ஊர்களுக்கு இன்னொன்று தேவையா?

புகார் முடியும்வரை செடி தொட்டியிலேயே இருக்கட்டும், அதுதான் சாட்சி. பிறகு கிழங்கோடு பிடுங்கி, மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள். வாய்க்காலில் எறிந்தால், செத்தது போலக் கிடக்கும் கிழங்கும் ஈரம் பட்டதும் துளிர்த்துவிடும்.

தொட்டியில் மஞ்சள் பூதான் வேண்டுமென்றால், பக்கத்து நர்சரியில் மஞ்சள் கல்வாழை கேளுங்கள். பூத்து நிற்கும் செடியாகவே பார்த்து வாங்கலாம்.