தேம்ஸ் இப்பல்லாம் ஏன் உறையறதில்ல?

கேள்வி: லண்டன்ல தேம்ஸ் நதி அந்தக் காலத்துல உறைஞ்சு போய் அது மேலயே திருவிழா நடத்துனாங்களாமே, நிஜமா? இப்ப அப்படி நடக்கறதே இல்லையே, அந்தளவுக்கா குளிர் கொறஞ்சு போச்சு?

பதில்: நிஜம்தாங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, 1608, 1684, 1716, 1740, 1789, 1814னு பல தடவை நடந்திருக்கு. இதுல 1683-84 குளிர்காலம்தான் பெருசு, கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆறு பாறை மாதிரி இறுகிக் கெடந்துச்சு. ஆத்து மேலயே தெருத் தெருவா கடை, குதிரை வண்டி சவாரி, அதுக்கு நடுவுல ஒரு அச்சுக்கூடம் வேற. நம்ம பேர சொன்னா ‘தேம்ஸ் ஐஸ் மேல அச்சடிச்சது’ன்னு போட்டு ஒரு சீட்டு அடிச்சுத் தருவாங்க, பேருக்கு 6 பென்ஸ், அந்த அச்சுக்காரருக்கு ஒரு நாளைக்கு 5 பவுண்டு வருமானம்னு அந்தக் காலத்து எழுத்தாளர் ஜான் ஈவ்லின் தன்னோட டைரியில எழுதி வச்சிருக்காரு.

1684 ஜனவரி 31 தேதி போட்டு ராஜா ரெண்டாம் சார்லஸ் குடும்பத்துக்கும் ஒரு சீட்டு அடிச்சிருக்காங்க. ராஜா, ராணி, தம்பி ஜேம்ஸ்னு பேரு வரிசையா வரும், கடைசி பேரு ‘ஹான்ஸ் இன் கெல்டர்’. யாரு இதுன்னு தேடிப் பார்த்தா, வயித்துல இருக்கற புள்ளைக்கு டச்சுக்காரங்க செல்லமா சொல்ற பேராம், ‘நிலவறைக்குள்ள இருக்கற ஹான்ஸ்’னு அர்த்தம். ஜேம்ஸோட பொண்ணு இளவரசி ஆன் அப்ப முழுகாம இருந்தாங்க. அந்தக் குழந்தை அந்த மே மாசம் இறந்தே பொறந்துச்சு, அது இருந்ததுக்கு அடையாளமா இந்தச் சீட்டுல ஒரு வரி நிக்குது, எனக்கு இத படிச்சதுல இருந்து மனசு விட்டுப் போகல.

சரி, இப்ப ஏன் உறையல? குளிர் கொறஞ்சதும் உண்மைதான், ஆனா லண்டன் கதையில பெரிய பங்கு ஒரு பாலத்துக்கு. 1209ல கட்டி முடிச்ச பழைய லண்டன் பாலம், 19 குறுகலான வளைவு, ஒவ்வொரு தூணுக்கும் அடியில அகலமா மேடை கட்டி வச்சிருந்தாங்க, அதனால பாதி அணைக்கட்டு மாதிரிதான் அது. மேல்பக்கம் தண்ணி தேங்கி மெதுவா நகரும், கடல்லேர்ந்து ஏறி வர்ற உப்புத் தண்ணியும் முழுசா உள்ள வராது, மேலேர்ந்து மிதந்து வர்ற ஐஸ் துண்டெல்லாம் வளைவுல சிக்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஓடற தண்ணி அடி முதல் மேல் வரை கலந்துக்கிட்டே இருக்கறதால சட்டுனு மூடி போடாது, தேங்கின தண்ணியில 4 டிகிரிக்குக் கீழ போன தண்ணி லேசாகி மேலயே நின்னுடும், அங்கதான் ஐஸ் பிடிக்கும். 1831ல புதுப் பாலம் தொறந்து பழச இடிச்சாங்க, அப்புறம் விக்டோரியா எம்பாங்க்மெண்ட்னு கரையோரச் சுவர் கட்டி ஆத்த இன்னும் ஒடுக்கினாங்க, ஓட்டம் வேகமாச்சு. அதோட லண்டன் நடுவுல ஆறு முழுசா மூடினதே இல்ல.

இதுக்கு நல்ல சாட்சி 1962-63 குளிர்காலம். டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரை மூணு மாச சராசரி வெப்பநிலை மத்திய இங்கிலாந்துல மைனஸ் 0.3 டிகிரி, கடைசித் திருவிழா நடந்த 1813-14ல 0.4 (ஜனவரி மட்டும் எடுத்தா 1814தான் கடுமை, அதையும் சொல்லிடறேன்). விண்ட்சர்ல ஜனங்க ஆத்து மேல நடந்தாங்க, ஆக்ஸ்ஃபோர்ட்ல காரே ஓட்டினாங்க, லண்டன் நடுவுல மட்டும் தண்ணி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. கரையோர மின் நிலையங்கள் விட்ட சூடான தண்ணியும் அதுக்கு ஒரு காரணம்.

கேள்வி: அப்ப குளோபல் வார்மிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?

பதில்: இருக்கு, தயவுசெஞ்சு பாலத்தோட நிறுத்திடாதீங்க. நெதர்லாந்துல ஃப்ரீஸ்லாந்து பக்கம் பாருங்க, அங்க இருக்கறது கால்வாய், ஓட்டமே பெருசா கிடையாது. உறைஞ்ச கால்வாய் மேல பதினோரு ஊரையும் தொட்டு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் போற எல்ஃப்ஸ்டேடன்டாக்ட்னு ஒரு பந்தயம், வழி முழுக்க ஐஸ் 15 சென்டிமீட்டராவது இருந்தாத்தான் நடத்துவாங்க. 1909லேர்ந்து 15 தடவை நடந்திருக்கு, கடைசியா 1997 ஜனவரி 4. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட இல்ல, இதுக்கு எந்தப் பாலத்தையும் காரணம் சொல்ல முடியாது, குளிர்காலமே சூடாயிடுச்சு. 2012 பிப்ரவரியில கிட்ட வந்துச்சு, நாடே காத்திருந்துச்சு, ஐஸ் கெட்டியாகட்டும்னு மேல கெடந்த பனிய ஜனங்க கூட்டித் தள்ளினாங்க, அப்பவும் தெற்குப் பக்கம் கனம் பத்தலன்னு பந்தயம் இல்லன்னுட்டாங்க.