மொச்சை வேகவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: இரவு முழுக்க ஊறவைத்த காய்ந்த மொச்சையைத் தக்காளி, புளியோடு குக்கரில் போட்டு 8 விசில் விட்டும் தோல் ரப்பர் மாதிரி இருக்கிறது. குழம்பு தனி, கொட்டை தனியாக நிற்கிறது. எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். களிக்குத் தொட்டுக்கொள்ள ருசியாகச் செய்வது எப்படி? (வாசகி, பாலக்கோடு)

பதில்: காரணம் இரண்டும் உங்கள் கேள்வியிலேயே இருக்கின்றன: போர்வெல் தண்ணீர், முதலிலேயே சேர்த்த புளிப்பு.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதாவது சுண்ணாம்பு கலந்த கடின நீர். காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்து கொட்டையின் தோலில் உள்ள பெக்டின் என்ற பசை போன்ற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். புளியும் தக்காளியும் அந்தப் பெக்டினைக் கரைய விடாது. இரண்டும் சேர்ந்தால் 15 விசில் விட்டாலும் பலன் குறைவு. ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் போர்வெல் தண்ணீரை 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் அடியில் படிந்ததை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதியாவது அடியில் தங்கிவிடும்.

கால் கிலோ மொச்சைக்கு 1 லிட்டர் தண்ணீரில் 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி கல் உப்பைக் கரைத்து 8 முதல் 10 மணி நேரம் ஊறவையுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று சொல்வார்கள். அது சரியல்ல, தோலில் இருக்கும் சுண்ணாம்பின் இடத்தை உப்பு பிடித்துக்கொள்வதால் தோல் மெத்தென்று வேகும், உள்ளேயும் உப்புச் சாரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு முறை அலசுங்கள். ஆப்பச் சோடா வேண்டாம். சீக்கிரம் வேகும்தான், ஆனால் கொட்டை குழைந்து சோப்பு வாடை வரும், வைட்டமின் பி1 சத்தும் போய்விடும்.

ருசி ஏறுவது வேகும்போதுதான். கொட்டைக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, தட்டிய பூண்டு 6 பல், முழுச் சின்ன வெங்காயம் 5, வரமிளகாய் 2, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேருங்கள். எண்ணெய் விட்டால் நுரை பொங்கி விசிலை அடைக்காது. குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி 15 நிமிடம் வையுங்கள். விசிலைத் தூக்கி ஆவியை விடாமல் தானாக அடங்கவிட வேண்டும். அவசரப்பட்டால் தோல் வெடித்து மாவு தண்ணீரில் கரைந்துவிடும்.

ஒரு கொட்டையைக் கரண்டியில் எடுத்து ஊதினால் தோல் சுருங்க வேண்டும். நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளையாக மாவுப் பொட்டுத் தெரிந்தால் இன்னும் 5 நிமிடம் வேண்டும். இரண்டு தரம் அப்படி வைத்தும் மாறவில்லை என்றால் கொட்டை பழசு. வெயிலும் ஈரமும் பட்டு நாள்பட்ட மொச்சையை எந்தப் பக்குவத்தாலும் சரிசெய்ய முடியாது. அரைத்து வடைக்குப் போடலாம்.

வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், குழம்பின் ருசி அதில்தான் இருக்கிறது. ஒரு கரண்டி கொட்டையை மசித்து அதிலேயே கலந்துவிட்டால் குழம்பு தனி, கொட்டை தனியாக நிற்காது. கடுகு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், தக்காளி 2 வதக்கி, மல்லி 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகாய் 4 வறுத்து 3 மேசைக்கரண்டி தேங்காயோடு அரைத்த விழுதைச் சேருங்கள். வெந்த மொச்சையைத் தண்ணீரோடு ஊற்றிக் கொதி வந்த பிறகு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விடுங்கள். 10 நிமிடம் சிறு தீயில் கொதித்தால் போதும்.

தட்டைப்பயறுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து நேராகக் குக்கரில் போடலாம். மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சைக் கொட்டை கிடைக்கும்போது ஊறவைத்துப் பிதுக்கினால், தோல் போன பருப்பு திறந்த பாத்திரத்திலேயே 10 நிமிடத்தில் வெந்துவிடும். அதற்கும் புளி கடைசியில்தான்.