விளக்குப் பிடிக்கும் வேலை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் தந்தையாரும் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சரிசெய்து ஓட வைத்ததைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்த கட்டுரையை நானும் என் மகளும் படித்தோம். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னவள் அவள்தான்.

எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் அப்பா 1970இல் வாங்கிய நான்கு கதவு ஹெரால்டு, மார்க் 3, ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையின் ஓரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக நிற்கிறது. ஆர்.சி. புத்தகம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் புதுப்பிக்கவில்லை. பிளஸ் டூ படிக்கும் மகள், "பாட்டா கார நாம ரெண்டு பேருமாச் சரி பண்ணுவோம்" என்று விடாமல் கேட்கிறாள். எனக்கும் ஆசைதான், ஆனால் தயக்கங்கள் இருக்கின்றன. என் அக்கா, "பொம்பளப் பிள்ள கையில கரியும் கிரீசுமா நின்னா நாளைக்கு எவன் கெட்டுவான்" என்கிறார். வந்து பார்த்த மெக்கானிக், எஞ்சின் இறுகிவிட்டது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆம்னி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வைத்தால் ஒரு மாதத்தில் ஓட்டலாம் என்கிறார். எனக்கோ காரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியாத தகப்பன் மகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

த. எஸ்.
குலசேகரம்

*

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

நீங்கள் கடைசியாகச் சொன்ன தயக்கத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் குறையென்று நினைக்கிற அதுதான் உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் பெரிய அனுகூலம் என்பது என் எண்ணம்.

என் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர், ஆனால் மாலை நேரங்களில் வடசேரியில் ஒரு பட்டறையில் நின்று நின்றே எஞ்சின் வேலையைக் கற்றுக்கொண்டவர். 1994 டிசம்பரில் நாங்கள் அந்தக் காரில் கை வைத்தபோது எனக்குப் பதினாறு வயது. எனக்குக் கிடைத்த பொறுப்பு டார்ச் லைட் பிடிப்பது. "இங்க காட்டு மக்ளே, கொஞ்சம் மேல, அங்க இல்ல" என்று நான்கு மாதங்கள் நடந்தது. அந்த நான்கு மாதங்களில் அப்பாவின் வலது மணிக்கட்டை நான் மனப்பாடமாக அறிந்துகொண்டேன். அந்த மணிக்கட்டு எதைக் கழற்றியது, ஏன் கழற்றியது என்பது எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டால் வேலை தடைப்படும் என்று இருவருமே நினைத்தோம். கட்டுரையில் இதை நான் எழுதாமல் விட்டது கொஞ்சம் வேண்டுமென்றேதான். எழுதியிருந்தால் அது அவ்வளவு இனிப்பாக இருந்திருக்காது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. எஞ்சின் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது, ஆனால் வால்வுகளின் இடைவெளி சரிபார்க்கப்படவில்லை. புறப்படும்போது, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்து, பத்து தௌ தகடு இது, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, எஞ்சின் ஆறியிருக்கும்போது எட்டு வால்வுக்கும் இந்த அளவு வர வேண்டும், ஒன்பதை மறக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த ஒன்பது என்பது அந்த எஞ்சினுக்குரிய ஒரு கணக்கு. முன்னாலிருந்து வால்வுகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுத்துக்கொண்டால், எட்டாவது வால்வு முழுவதும் அமுங்கித் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை, ஐந்தாவது திறந்திருந்தால் நாலாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். நான் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காரை டாப் கியரில் போட்டு, அங்குலம் அங்குலமாக முன்னால் தள்ளி, ஒவ்வொரு வால்வாகப் பார்த்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

மாலையில் அப்பா வந்து ஸ்டார்ட் செய்தார். டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எந்த வால்வு என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்திருக்கும், ஆனால் அவர் கல்யாண வேட்டியோடு திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டு, நீளமான ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை வால்வுகளின் மேல்மூடியான ராக்கர் கவரின் மேல் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்கும்படி சொன்னார். ஆறாவது வால்வு. லாக் நட்டை இறுக்கும்போது, அளவைத் தீர்மானிக்கும் நடு ஸ்குரூ நகர்ந்து, இடைவெளி கூடிவிட்டிருந்தது. ஒரு கையால் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டை இறுக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாததனால் இன்றும் எனக்கு அது மறக்கவில்லை. அதற்குப் பிறகு பல நாட்கள் டார்ச் லைட்டை அப்பா பிடித்தார்.

ஆகவே, தெரியாத தகப்பனாக நீங்கள் தொடங்குவதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. அவளிடமிருந்து ஸ்பேனரைப் பிடுங்கும் அனுபவம் உங்களுக்கு இல்லை. ஒரு பகுதியை முழுதாக அவள் பொறுப்பில் விடுங்கள். கழற்றுவது, படம் எடுப்பது, நட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுவது, உதிரிபாகம் தேடிப் போவது, திரும்பப் பூட்டுவது, தவறினால் மறுபடி கழற்றுவது எல்லாமே அவள் வேலை. கார்ப்பரேட்டராக இருக்கலாம், வயரிங்காக இருக்கலாம்.

இனி எஞ்சின் விஷயம். மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அது சுலபம். ஆனால் இருபது ஆண்டு நின்ற எஞ்சின் இறுகியிருப்பது வேறு, பழுதாகியிருப்பது வேறு. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, பத்து நாள் பொறுத்திருங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, இரண்டு பேராக முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடவே கூடாது. அசையாவிட்டால் இன்னும் பத்து நாள். எங்களுடையது மூன்றாவது வாரத்தில் நெகிழ்ந்தது. அந்தச் சத்தம் ஒரு பெருமூச்சு போலத்தான் இருந்தது, பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கேட்கக்கூட இல்லை.

948 சி.சி. கொண்ட அந்தச் சிறிய எஞ்சின், கற்றுக்கொள்பவர்களுக்கென்றே செய்தது போன்றது. ஹெரால்டின் பானெட் தனியாகத் திறக்காது, இரண்டு பக்கத்து மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். அப்போது முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்ப்பரேட்டரைத் திறக்கலாம். பதினாறு வயதில் நான் அந்த டயரில் உட்கார்ந்துதான் ஒன்பதைக் கூட்டினேன். 1959இல் இங்கிலாந்தில் இந்தக் காரைக் கொண்டுவந்த கம்பெனிக்கு, முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத் தருவதற்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனிச் சேஸிஸ் என்ற அடிச்சட்டம், அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டும் துண்டுகள் என்று செய்தார்கள். அந்தக் கஷ்டம் நமக்கு லாபமாயிற்று. 1961 முதல் சென்னையில் அதைச் செய்ய முடிந்ததற்கும், இன்று உங்கள் கொட்டகையில் நீங்களும் மகளும் கழற்றிப் பூட்ட முடிவதற்கும் அதுவே காரணம். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது என்பதை அவளிடம் சொல்லுங்கள். அதன் வயிற்றில் ஆம்னி எஞ்சினை வைத்தால் ஓடும், ஓடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அந்த மெக்கானிக் செய்த காராக இருக்கும்.

சட்டமும் இதில் உங்கள் மகள் பக்கம்தான். 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த, சேஸிஸும் உடலும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000. எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். மகள் அதில் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டால், தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவுதான் சரி. எஞ்சினை மாற்றினால் முதல் வழி அடைபடும், இரண்டாவதற்கும் முன்அனுமதி வாங்க வேண்டும். பீரோவிலிருக்கும் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது ஸ்பேனர். இந்தக் காரின் நட்டுகள் அங்குலக் கணக்கில் உள்ளவை. நம் வீடுகளில் இருப்பது மில்லிமீட்டர் செட். அரை அங்குல நட்டில் 13ஆம் எண் ஸ்பேனர் போய் உட்காரும், ஆனால் நூலிழை அளவு ஒரு தளர்வு இருக்கும், துரு பிடித்த நட்டில் அழுத்தினால் முனைகள் மழுங்கிவிடும். அப்புறம் உளிதான். அங்குல ஸ்பேனர் செட் ஒன்றை முதலில் வாங்கிவிடுங்கள். அதை மகள் பெயரில் வாங்குங்கள்.

இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. முன் சக்கரங்களைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, கீழே ஒரு வெண்கலத் துண்டுக்குள் மரைபோல் திருகி நிற்கும். ட்ரன்னியன் என்பார்கள். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரை திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில், 90 எண், விட வேண்டும். கிரீஸ் அடித்தால் உள்ளே போகாமல் மேலேயே நின்று, தண்ணீர் இறங்கி, மரை துருவேறி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் காரை எங்களுக்கு முன் வைத்திருந்தவர் சர்வீசுக்கு விட்ட பட்டறையில் வருடக்கணக்காகக் கிரீஸ்தான் அடித்திருந்தார்கள். கழற்றியபோது இடதுபக்கத் தண்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. இடமும் வலமும் எதிரெதிர் மரை, மாற்றிப் போட்டுவிடக் கூடாது. பிரேக்கையும் இதையும் மட்டும், அவள் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், ஓட்டுவதற்கு முன் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு இல்லாவிட்டால் நல்ல அயனி மரக்கட்டை போதும்.

மூன்றாவது பெட்ரோல். இன்று பம்பில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 1970இன் ரப்பர் குழாய்களுக்கும் காரின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வுக்கும் அது ஆகாது, ஊறிப்போய் ஒழுகும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிட்டுத்தான் டாங்கில் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

ரப்பர் ஷீட் கொட்டகை என்று எழுதியிருக்கிறீர்கள். கடலோரத்து உப்புக் காற்றிலிருந்து தப்பித்தீர்கள், ஆனால் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் இரும்புக்கு நல்லதல்ல. பாத்திரங்கள் இருந்த பக்கம் எதுவோ அந்தப் பக்கத்தில் சேஸிஸிலிருந்து வெளியே நீளும் கைகளையும் டிக்கியின் தரையையும் சுத்தியலின் பின்முனையால் தட்டிப் பாருங்கள். ணங்கென்று ஒலித்தால் இரும்பு, சொத்தென்று கேட்டால் பெயின்ட் மட்டும்தான் நிற்கிறது. அதன்மேல் பட்டி பூசித் தேய்த்து டூக்கோ அடித்துப் பளபளப்பாக்கித் தருவதற்கு ஆட்கள் தயாராக இருப்பார்கள். எங்களுக்கும் ஒருவர் செய்து தந்தார். இரண்டு மழைக்காலத்தைத்தான் அது தாங்கியது. நம் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம் என்பது ஒரே வருடம்.

உங்கள் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? இந்த மாவட்டத்தில் முந்திரி ஆலைகளில் கொட்டை உடைத்து உடைத்து, தோட்டின் எண்ணெயில் கை கறுத்துப் போன பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அந்தக் கைகளைப் பார்த்து யாரும் கல்யாணம் நடக்காது என்று சொன்னதாக நான் கேட்டதில்லை, கூலி குறையாமல் வந்துகொண்டிருந்ததால் இருக்கலாம். கிரீஸாவது மண்ணெண்ணெயில் போய்விடும். அக்காவிடம் இதை இப்படியே சொல்ல வேண்டாம். முதல் ஓட்டத்தில் அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துத் திற்பரப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு முடியும்வரை சனிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. கார் இருபது வருடம் காத்திருந்தது, இன்னும் சில மாதம் காத்திருக்கும். அவளுக்குப் பதினெட்டு ஆவதற்கு முன் வண்டி வெளியே வந்துவிட்டால், சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வரைந்த வயரிங் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. டிராயிங் மாஸ்டர் என்பதால் லூகாஸ் வயர்களின் நிறங்களை அப்படியே கலர் பென்சிலில் போட்டிருக்கிறார்: பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, ஹெட்லைட் நீலம், எர்த் கறுப்பு. எங்களுடையது இரண்டு கதவு மார்க் 2, ஆகவே சில இடங்களில் மாறுபடலாம், ஆனால் ஒத்துப் பார்க்க உதவும். உங்கள் முகவரியை எழுதினால் கலர் நகல் எடுத்துத் தபாலில் அனுப்புகிறேன். உறையின் மேல் உங்கள் மகளின் பெயரை எழுதி அனுப்ப விரும்புகிறேன்; கடிதத்தில் அதைக் குறிப்பிட மறந்துவிட்டீர்கள்.