நல்ல பிள்ளை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான்கு மாதமாக உளசிகிச்சைக்குப் போகிறேன். பெரிய மாற்றம் இல்லை. சிகிச்சையாளர் அன்பானவர்தான், ஆனால் நான் சொல்வது அவருக்குப் புரியவில்லை என்று படுகிறது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, உளப்பகுப்பாய்வு என்று ஏகப்பட்ட முறைகள் இருக்கின்றன. எதுதான் பலிக்கும்? இல்லை, எல்லாம் வெறும் பேச்சுதானா? மருந்தே மேலா?

எம்.

அன்புள்ள எம்.,

வெறும் பேச்சுதானா என்பது பழைய சந்தேகம். சிகிச்சை இல்லாமலேயே மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு வருடத்தில் தேறிவிடுகிறார்கள் என்று 1952-ல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் எழுதி அந்தத் துறையையே கலங்கடித்தார். 1977-ல் மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உளசிகிச்சை பற்றிய 375 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பலன் உண்டு, முறைகளுக்குள் வித்தியாசம் சொற்பம் என்று வந்தது. உயரம், நாய் என்று குறிப்பிட்ட ஒன்றுக்கு அஞ்சுபவர் அதைப் படிப்படியாக எதிர்கொண்டே ஆகவேண்டும், அங்கே முறை முக்கியம். மற்றபடி அந்தச் சண்டையை முறைக்காரர்களிடமே விட்டுவிடுங்கள்.

‘அவருக்குப் புரியவில்லை’ என்கிறீர்களே, அதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள். அவர் மனம் நோகுமே! வாராவாரம் போய், ‘இப்போது பரவாயில்லை’ என்று தலையாட்டிவிட்டு, நிஜத்தை முன்பின் தெரியாத எனக்கு எழுதுகிறீர்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் இப்படித்தான் விழுங்குகிறீர்கள் என்றால், அந்த விழுங்கலைத்தானே அங்கே கொண்டுபோய்க் காட்டவேண்டும்? காசு கொடுத்து நல்ல பிள்ளையாக நடிப்பானேன்?

நானும் கொஞ்சகாலம் போனேன். ஒருநாள் என் சிகிச்சையாளர், இறந்துபோன என் தங்கையின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். ‘அது அவள் பெயர் இல்லை’ என்றேன், மெதுவாக. அவர் பேனாவை மூடிவைத்தார். ‘தப்புதான். ஆனால் ஏன் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறீர்கள்? கோபம்தானே?’ என்றார். கத்திவிட்டேன். நான் வளர்ந்த வீட்டில் யாராவது கோபப்பட்டால் அதன்பிறகு கதவுகள்தான் சாத்தப்படும். அவர் எழுந்துபோகவில்லை. மீதி நேரமும் தங்கையைப் பற்றித்தான் பேசினோம்.

எதற்காக வந்திருக்கிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டிலும் உடன்பாடு, கூடவே ஒரு பிணைப்பு. சிகிச்சை உறவு இந்த மூன்றால் ஆனது என்று 1979-ல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் வகுத்தார். அந்த உறவில் விரிசல் விழுவதும் அதை இருவரும் உட்கார்ந்து பேசிச் சரிசெய்வதும் சிகிச்சைக்கு இடைஞ்சல் இல்லை, அதுவே சிகிச்சையின் பகுதி என்று இன்னொரு உளவியலாளர் ஜெரமி சாஃப்ரன் பின்னால் விரிவாக எழுதினார். விரிசலை நீங்கள் மறைத்தால் அவர் எதைச் சரிசெய்வார்?

அடுத்தமுறை போகும்போது எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அவர் முகம் சுருங்கி, தன்னையே நியாயப்படுத்திக்கொண்டிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். மருந்து விஷயத்தை மனநல மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.